மூலையின் வெற்றிடமும் சாலைதான்

ஊருக்குள்ளிருந்து வரும் தெரு, பிரதான சாலையில் போய் ஏறுகிற முக்கைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். கார் ஒன்று வந்து முனையில் நிற்கிறது. ஓட்டுபவர் வலப்பக்கம் பார்க்கிறார். மூலை வீட்டு மதில் சுவர் மறைக்கிறது. வண்டியை ஓரடி முன்னால் விடுகிறார். சுவர் விலகியதும் அதற்கப்பால் நிற்கும் சரக்கு வேன் மறைக்கிறது. இன்னும் ஓரடி. இப்போது காரின் முன்பகுதி பிரதான சாலைக்குள் வந்துவிட்டது. ஓட்டுபவரின் கண்ணோ இன்னும் சாலைக்கு வெளியேதான் இருக்கிறது. வேகமாக வந்த இருசக்கர வண்டிக்காரர் திடீரென முளைத்த பம்பரைக் கண்டு ஒடித்துத் திருப்புகிறார்.

இதில் காரோட்டி செய்த தவறு என்ன? அவர் நின்றார், பார்த்தார், மெல்ல நகர்ந்தார். பைக்காரரும் தன் வழியில்தான் வந்தார். ஆபத்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கே ஆபத்துக்குள் நுழைய வேண்டிய நிலையை அந்த மூலை உண்டாக்கி வைத்திருக்கிறது. அப்படியானால் ஒரு சாலைச் சந்திப்பின் மூலையில் எவ்வளவு இடம் வெறுமையாக இருக்க வேண்டும்? கண்மதிப்பில் சொல்லிவிடக்கூடிய விஷயமா அது? இல்லை. அதற்குத் தெளிவான கணக்கு உண்டு. அந்தக் கணக்கு சுவரில் தொடங்குவதில்லை, பிரேக்கில் தொடங்குகிறது.

கண்ணில் பட்டதிலிருந்து சக்கரம் நிற்கும் வரை

பிரேக்கை மிதித்த இடத்தில் எந்த வண்டியும் நிற்பதில்லை. நிற்பதற்குள் அது கடக்கும் தூரத்தை இரண்டாகப் பிரிக்கலாம். தடை கண்ணில் பட்டு, அது என்னவென்று மூளை புரிந்துகொண்டு, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறும் வரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தை எதிர்வினை நேரம் என்போம். பிரேக் பிடித்த பிறகு, டயர் சாலையை உரசி வேகத்தைத் தின்று தீர்க்கும் தூரம் இரண்டாவது. இரண்டும் சேர்ந்ததுதான் நிறுத்தப் பார்வைத் தூரம். குறைந்தது அவ்வளவு தூரமாவது ஓட்டுபவருக்கு முன்னால் தெரிய வேண்டும் என்பதால் அதற்கு இந்தப் பெயர்.

எதிர்வினை நேரத்தை எப்படி அளந்தார்கள்? சுவீடனில் ஜோஹான்சன், ருமார் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. சாலையில் சென்ற 321 ஓட்டுநர்களிடம், அடுத்த 10 கிலோமீட்டருக்குள் சாலையோரத்தில் எங்கோ ஒரு ஹார்ன் ஒலிக்கும், கேட்டதும் பிரேக்கைத் தொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒலிக்கும் பிரேக் விளக்கு எரிவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார்கள். நடுமதிப்பு 0.66 விநாடி. ஆனால் அவர்கள் ஹார்னை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள். எதிர்பாராத நேரத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதைச் சிலரிடம் தனியாகச் சோதித்து, அந்த விகிதத்தைக் கொண்டு திருத்தியபோது நடுமதிப்பு சுமார் 0.9 விநாடி ஆனது.

1980களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஆல்சனும் அவருடைய சகாக்களும் இன்னொரு படி மேலே போனார்கள். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் சாலையில் கிடக்குமாறு 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மஞ்சள் நிற ரப்பர் நுரைத்துண்டு ஒன்றைப் போட்டு வைத்தார்கள். ஓட்டி வந்தவர்களுக்கு அப்படி ஒன்று கிடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. 100 பேரில் 95 பேர் ஏறக்குறைய 1.6 விநாடிக்குள் எதிர்வினை ஆற்றிவிடுவார்கள் என்று அந்தச் சோதனை காட்டியது. களைப்பு, இருட்டு, முதுமை, பல பக்கமும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய நெருக்கடி எல்லாவற்றுக்கும் இடம்விட்டு, சாலை வடிவமைப்பாளர்கள் 2.5 விநாடி என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் பயன்படுத்துவதும் இதே 2.5 விநாடிதான். நம் நாட்டுச் சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்த அமைப்பு 1934 முதல் இயங்கி வருகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 2.5 விநாடிக்குள் வண்டி 35 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 27 மீட்டர். ஆக ஏறத்தாழ 60 மீட்டர். வேகம் 100 ஆனால் எதிர்வினைத் தூரம் 70 மீட்டராக இரட்டிக்கிறது. பிரேக் தூரமோ 112 மீட்டராகிறது, அதாவது நான்கு மடங்கு. இரு மடங்கு வேகத்தைக் குறைத்து முடிக்க இரு மடங்கு நேரம் ஆகும், அந்த நேரம் முழுவதும் சராசரி வேகமும் இரு மடங்கு. ஈரிரண்டு நான்கு. இரண்டையும் கூட்டி இந்திய சாலைக் காங்கிரஸ் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர் என்று குறிக்கிறது. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் பார்வை மூன்று மடங்காகிறது.

கோடு முக்கோணமாகும் இடம்

ஒரே நேர்ச்சாலையில் இந்தத் தூரம் வெறும் கோடு. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் கோடு போதாது. விளக்கும் இல்லாத, யார் முதலில் போவது என்ற பலகையும் இல்லாத ஒரு நாற்சந்தியை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு சாலையிலும் 50 கிலோமீட்டர் வேகம். ஒரு வண்டி சந்திப்புக்கு 60 மீட்டர் முன்னால் இருக்கும்போதே, குறுக்குச் சாலையில் 60 மீட்டர் தள்ளி வரும் வண்டி அதன் கண்ணில் பட்டாக வேண்டும். இல்லாவிட்டால் இருவராலும் நிறுத்த முடியாது. சந்திப்பிலிருந்து இரு சாலைகளிலும் 60 மீட்டர் அளந்து, அந்த இரு புள்ளிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் கிடைப்பது ஒரு முக்கோணம். அதற்குள் பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக்கூடாது. இதுதான் பார்வை முக்கோணம்.

அதன் பரப்பு 1,800 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 44 சென்ட். நாற்சந்தியில் நான்கு மூலைகள் உண்டு. ஒவ்வொரு முக்கிலும் 44 சென்ட் நிலத்தை வெறுமையாக வைத்துக்கொள்ள எந்த ஊராலும் முடியாது.

அதனால்தான் முன்னுரிமை என்ற ஏற்பாடு வந்தது. ஒரு சாலை பெரியது, மற்றது சிறியது. சிறிய சாலையில் வருபவர் நின்று வழிவிட வேண்டும். சந்திப்பில் நட்டிருக்கும் 'நில்' பலகையை நாம் ஒரு கட்டளையாக மட்டுமே பார்க்கிறோம். உண்மையில் அது முக்கோணத்தைச் சுருக்கும் கருவி. சிறிய சாலையில் வருபவர் எப்படியும் நிற்கப் போகிறார் என்பதால் அந்தப் பக்கத்துக் கை 60 மீட்டர் நீண்டிருக்கத் தேவையில்லை. இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டி அதைக் குறைந்தது 15 மீட்டர் என்று வைக்கிறது.

பெரிய சாலையின் பக்கத்துக் கை எவ்வளவு நீளம்? இங்கே கேள்வியே மாறுகிறது. நின்றுவிட்டவருக்கு நிறுத்தும் தூரம் எதற்கு? அவருக்கு வேண்டியது இடைவெளி. வண்டியைக் கிளப்பி, சாலையைக் கடந்து அல்லது திரும்பிச் சேர்ந்து, வேகமெடுக்கும் வரை அந்தச் சாலையில் யாரும் வந்து இடிக்காத அளவுக்கு நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கச் சந்திப்புகளிலேயே உட்கார்ந்து கவனித்தார்கள். காத்திருக்கும் ஓட்டுநர் ஒவ்வொரு இடைவெளியையும் எடை போடுகிறார். 3 விநாடி இடைவெளி வந்தால் விட்டுவிடுகிறார். 12 விநாடி வந்தால் தயங்காமல் புறப்படுகிறார். நடுவில் எங்கோ மனம் மாறுகிறது. ஒரு நீளத்தைவிடக் குறைந்த இடைவெளியை ஏற்றவர்களின் எண்ணிக்கையும், அதைவிட நீண்ட இடைவெளியை மறுத்தவர்களின் எண்ணிக்கையும் சமமாகும் அந்த நீளம் எது என்று தேடும் முறையை அமெரிக்காவில் மார்ட்டன் ராஃப் 1950இலேயே வகுத்துக் கொடுத்தார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளின் பயனாக, 1996இல் அங்கே வெளியான ஓர் ஆய்வறிக்கை நேரக் கணக்கையே அடிப்படையாக்கியது. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, எதிர்த்தடத்தைக் கடந்து திரும்பும் காருக்கு 7.5 விநாடி இடைவெளி வேண்டும். டிரெய்லர் லாரிக்கு 11.5 விநாடி.

இந்திய அளவுகளும் இதற்கு நெருக்கமாகவே இருக்கின்றன. பெரிய சாலையின் வேகம் 50 கிலோமீட்டர் என்றால் 110 மீட்டர், 65க்கு 145, 80க்கு 180, 100க்கு 220 மீட்டர் தூரம் வலப்பக்கமும் இடப்பக்கமும் தெரிய வேண்டும். எந்த வேகத்தை எடுத்து வகுத்துப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். அது 8 விநாடிப் பயணம். 15 மீட்டரும் 110 மீட்டரும் கைகளாகக் கொண்ட முக்கோணத்தின் பரப்பு சுமார் 20 சென்ட். அதிலும் கணிசமான பகுதி சாலையின் மேலும் அதன் ஓரத்திலுமே விழும். முன்பு சொன்ன 44 சென்ட் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு பலகையும் ஒரு வெள்ளைக் கோடும் செய்த வேலை இது. ஆனால் மீதமுள்ள அந்த ஒல்லியான முக்கோணத்தில் இனி விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஒரு மீட்டரின் மதிப்பு

மூலைச் சுவர் கொஞ்சம்தானே முன்னால் வந்திருக்கிறது, அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அறையின் நடுவில் நின்று ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஒரு கீற்றுதான் தெரியும். கம்பியில் முகத்தைப் பதித்தால் தெருக்கோடி வரை தெரியும். நகர்ந்தது சில அடிதான், பார்வை விரிந்தது பல மடங்கு. தெருமுனையிலும் இதே வடிவியல்தான் நடக்கிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். பிரதான சாலையில் வண்டிகள் ஓடும் தடத்திலிருந்து 5 மீட்டர் பின்னால் ஓட்டுபவரின் கண் இருக்கிறது. அவருக்கு 4 மீட்டர் பக்கவாட்டில், தடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி மதில் சுவரின் முனை. அந்த முனையை ஒட்டிப் போகும் பார்வைக் கோடு தடத்தைத் தொடுவது வெறும் 10 மீட்டர் தூரத்தில். அதற்கு அப்பால் வருவது எதுவும் அவருக்குத் தெரியாது. சுவரை 1 மீட்டர் பின்னால் தள்ளினால் 20 மீட்டர் தெரியும். இன்னும் அரை மீட்டர் தள்ளினால் 40. முதல் மீட்டர் கொடுத்தது 10 மீட்டர் பார்வை, அடுத்த அரை மீட்டர் கொடுத்தது 20 மீட்டர்.

சுவரை நகர்த்த முடியாதபோது ஓட்டுபவர் கண்ணை நகர்த்துகிறார். 5 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு வந்தால் தெரிவது 16 மீட்டர். மூன்றரை மீட்டருக்கு வந்தால் 28. ஆனால் காரில் கண்ணுக்கும் பம்பருக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே கண் தடத்தைப் பார்க்கும் இடத்துக்கு வருவதற்குள் பம்பர் தடத்தை நெருங்கிவிடும். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் முன்சக்கரத்துக்கு இன்னும் அருகில் இருப்பதால் அவருக்கு இந்தச் சங்கடம் குறைவு. நீண்ட முன்பகுதி கொண்ட வண்டிகளுக்கு அதிகம்.

இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நம் நாட்டில் வலப்புற மூலை கூடுதல் கவனத்துக்குரியது. வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் நமக்கு அருகிலுள்ள தடத்திலேயே வருகின்றன. தடம் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு கூர்மையான கோணத்தில் பார்க்க வேண்டும். அந்தக் கோணத்தைச் சிறு தடைகூடக் கெடுத்துவிடும்.

மனைப்பிரிவு வரைபடங்களில் மூலை மனையின் நுனியைச் சாய்வாக வெட்டிக் காட்டியிருப்பார்கள். ஸ்பிளே என்பார்கள். சாலையின் அகலத்துக்கு ஏற்ப அதன் அளவு கூடும். வீட்டுக்காரருக்கு அது இழந்த நிலமாகத் தோன்றலாம். வரைபடத்தில் விட்ட ஸ்பிளேயைப் பிறகு மதிலுக்குள் சேர்த்துக் கட்டிவிடுவதும் நடக்கிறது. அந்தச் சில சதுர அடி, தெருவில் போகும் ஒவ்வொருவரின் கண்ணிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்ட தூரம்.

மறைப்பவை எவை?

முக்கோணத்துக்குள் இருப்பவை எல்லாமே ஆபத்தானவை அல்ல. இந்தியக் கணக்கில் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே முழங்கால் உயரப் பூச்செடியால் பெரிய தீங்கில்லை. கிளைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் கவாத்து செய்த பெரிய மரத்தின் நிழலாலும் தீங்கில்லை. முழங்காலுக்கு மேல், தலைக்குக் கீழ் என்ற பட்டைக்குள் வருபவைதான் பார்வையைத் தின்கின்றன.

நம் சாலையோரங்களில் அந்தப் பட்டையை முதலில் நிரப்புவது சீமைக்கருவேலம். மழைக்குப் பிறகு அது விரைவில் கண் உயரத்தைத் தாண்டிவிடும். வெட்டிய இடத்திலேயே மீண்டும் தழைக்கும். ஆகவே ஒருமுறை வெட்டினால் முடிந்துவிடும் வேலை அல்ல இது. வயல்வெளிச் சாலைகளில் பயிரே திரையாகிறது. கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்பவை. அறுவடை முடிந்த மாதத்தில் நன்றாகத் தெரிந்த சந்திப்பு, அடுத்த அறுவடைக்கு முன் குருட்டுச் சந்திப்பாகிவிடும். அந்த வழியில் தினமும் போகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. பழக்கம் ஏற்படுத்திய நம்பிக்கை மாறுவதில்லை, கண்ணுக்குத் தெரியும் தூரம் மட்டும் நாளுக்கு நாள் குறைகிறது.

ஒல்லியான பொருள் மறைக்காது என்பதும் சரியல்ல. கண்ணுக்கு 5 மீட்டர் தூரத்தில் 30 சென்டிமீட்டர் அகலக் கம்பம் ஒன்று நின்றால், ஒரு கண்ணுக்கு அது 50 மீட்டருக்கு அப்பால் 3 மீட்டர் அகலத்தை மறைக்கிறது. நேரே வரும் பைக் அதில் முழுதாக ஒளிந்துகொள்ளும். கம்பத்தோடு ஒரு டிரான்ஸ்பார்மர், அதன் காலில் சாய்த்து வைத்த விளம்பரத் தட்டி, பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி என்று சேரும்போது தனித்தனியாகத் தாங்கக்கூடியவை ஒரே சுவராகின்றன. முக்கில் கட்டும் பேனர் எல்லாவற்றிலும் மோசம். நான்கு பக்கத்திலிருந்தும் பார்வை குவியும் இடம் என்பதற்காகவே அதை அங்கே கட்டுகிறார்கள். ஓட்டுபவர்களின் பார்வைக்கு வேண்டிய இடமும் அதே இடம்தான்.

தேநீர்க் கடையும் ஆட்டோ நிறுத்தமும் முக்குக்கு வருவது மக்கள் அங்கே கூடுவதால். அவர்களைத் துரத்த வேண்டும் என்பதல்ல இதன் பொருள். முக்கோணத்தின் கூர்முனையிலிருந்து சில மீட்டர் தள்ளி இடம் கொடுத்தாலே பிழைப்பும் கெடாது, பார்வையும் திறக்கும்.

நிறுத்திய வண்டிகள்

நகரத்தில் பெரும் மறைப்பு, மூலையை ஒட்டி நிறுத்திய வண்டிதான். சாலைச் சந்திப்பிலோ அதன் அருகிலோ வண்டி நிறுத்தக்கூடாது என்று 1989ஆம் ஆண்டின் இந்தியச் சாலை ஒழுங்குமுறைகளே சொல்லியிருந்தன. பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு 10 மீட்டர் என்று அளவே குறிக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2023இல் சட்டம் இயற்றி, பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன் 20 அடிக்குள் நிறுத்துவதைத் தடைசெய்தது.

இதில் அதிகம் பேசப்படும் ஊர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ஹோபோகன். சுமார் 60,000 பேர் நெருக்கமாக வாழும் சிறு நகரம். மூலைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுக்க, அங்கே கோடு போட்டதோடு நிற்காமல், தூண்களும் சைக்கிள் நிறுத்தங்களும் மழைநீர் இறங்கும் செடிப் பாத்திகளும் வைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு 7 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊரின் தெருக்களில் விபத்து மரணம் இல்லை என்பது பெரிய செய்தியானது.

ஆனால் மூலையைத் திறந்ததால் மட்டுமே மரணம் நின்றது என்று சொல்லிவிட முடியுமா? ஹோபோகன் அதே காலத்தில் வேக வரம்பையும் குறைத்தது, விளக்குகளில் நடப்பவர்களுக்கு முதல் சில விநாடிகளையும் ஒதுக்கியது. பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்து நோய் தீர்ந்தால் எந்த மருந்து தீர்த்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. தடுப்பு எதுவும் வைக்காமல் வண்டி நிறுத்துவதை மட்டும் விலக்கிய மூலைகளில் பாதுகாப்புப் பலன் தெரியவில்லை என்றது அது. காலியான மூலையைச் சுற்றி வண்டிகள் அகலமாக, வேகமாகத் திரும்பத் தொடங்கினால் தெளிந்த பார்வையின் லாபம் கரைந்துவிடும். ஆகவே பார்வை அந்த இடத்தின் வழியே போக வேண்டும், சக்கரம் போகக்கூடாது. தூணும் தாழ்ந்த செடிப் பாத்தியும் செய்வது அதைத்தான்.

எல்லாம் தெரிந்தும் மோதுவது

இன்னும் வியப்பான உண்மை ஒன்று இருக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் டோகாச்சி என்ற சமவெளி. வயல்களுக்கு நடுவே நேர்ச்சாலைகள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. மறைக்கும் சுவரோ மரமோ இல்லாத பகல் வெளிச்சத்தில் இரண்டு கார்கள் நேராக வந்து மோதுகின்றன. 'டோகாச்சி வகை விபத்து' என்று ஜப்பானில் இதற்குப் பெயரே உண்டு. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில், திறந்த வெளியில் இருக்கும் இப்லி நாற்சந்தியில் 2011இலும் 2016இலும் கார் மோதி சைக்கிளில் சென்றவர்கள் உயிரிழந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? இரண்டு வண்டிகள் ஒரே வேகத்தில், சந்திப்பிலிருந்து ஒரே தூரத்தில் வருவதாகக் கொள்வோம். 100 மீட்டரில் இருக்கும்போது ஒருவருக்கு மற்றவர் 45 பாகை சாய்வில் தெரிவார். இருவரும் 50 மீட்டருக்கு வந்த பிறகும் அதே 45 பாகைதான். 20 மீட்டரிலும் அதேதான். மோதப் போகும் வண்டி கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மாலுமிகளுக்கு இது தெரிந்த விதி. நெருங்கி வரும் கப்பலின் திசைக்கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதல் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சர்வதேசக் கடல் விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

நம் கண்ணின் ஓரப்பகுதி அசைவை நன்றாகப் பிடிக்கும், அசையாததைக் கோட்டை விடும். மோதாமல் போகப் போகும் வண்டி கண்ணாடியில் நகர்வதால் கவனத்தை இழுக்கிறது. மோதப் போவதோ நகராததால் கவனத்துக்கு வருவதில்லை. முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண்கள் வேறு இருக்கின்றன. வரும் வண்டி ஒருமுறை அவற்றில் ஒன்றின் பின்னால் போய்விட்டால், கோணம் மாறாததால் கடைசி வரை அங்கேயே மறைந்திருக்கும். பெரிதாகி எச்சரிக்காதா என்றால், அதுவும் தாமதம்தான். விநாடிக்கு 20 மீட்டர் வீதம் நெருங்கும் பொருள் 200 மீட்டரிலிருந்து 100க்கு வந்து தோற்றத்தில் இரட்டிக்க 5 விநாடி எடுக்கும். 20 மீட்டரிலிருந்து 10க்கு வந்து இரட்டிக்க அரை விநாடி போதும். நெடுநேரம் புள்ளியாகவே இருந்து திடீரென்று பூதமாகிறது.

இதிலிருந்து மீள ஓட்டுபவர் செய்யக்கூடியது, சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பதும், தலையை முன்னும் பின்னும் அசைத்துத் தூணின் இருபுறமும் பார்ப்பதும். வேகம் மாறினால் கோணம் மாறும். கோணம் மாறினால் மறைந்தது வெளியே வரும்.

வேகமும் வெற்றிடமும்

பிரிட்டனில் பெரிய சாலைகளின் ரவுண்டானாக்களுக்கு ஒரு விசித்திரமான பரிந்துரை இருந்தது. மணிக்கு 40 மைலுக்கு மேல் வேக வரம்புள்ள, நடுவே பிரிப்பு உள்ள சாலைகளில், வழிவிடும் கோட்டுக்கு 15 மீட்டர் அருகே வரும் வரை வலப்பக்கத்தை 2 மீட்டர் உயரத் திரையால் மறைப்பது நல்லது என்றது. தூரத்திலிருந்தே ரவுண்டானா காலி என்று தெரிந்துவிட்டால் வேகத்தைக் குறைக்காமல் பாய்ந்துவிடுகிறார்கள் என்பதே காரணம். குடியிருப்புத் தெருக்களுக்காக 2007இல் அங்கே வந்த கையேடும், முன்னால் தெரியும் தூரம் குறைவான தெருக்களில் வண்டிகளின் வேகமும் குறைவாக இருப்பதைக் கள ஆய்வின் துணையோடு காட்டியது.

அப்படியானால் மறைப்பது நல்லதா? இல்லை. அந்தத் திரையும் கடைசி 15 மீட்டரில் விலகிவிடுகிறது. மெதுவாக வந்து முடிவெடுக்கும் இடத்தில் பார்வை முழுதாகத் திறக்கிறது. நம் ஊர் மூலைகளில் நடப்பது அதற்கு நேர் எதிர். முடிவெடுக்கும் இடத்தில்தான் சுவர் நிற்கிறது, பிரதான சாலையில் வருபவரின் வேகத்தையோ யாரும் குறைக்கவில்லை.

முக்கோணமும் வேகமும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்று சொல்லத் தேவையில்லாத அளவுக்கு இந்தக் கணக்கு தெளிவானது. 100 கிலோமீட்டர் வேகம் வேண்டுமானால் 220 மீட்டர் பார்வையைக் கொடுத்தாக வேண்டும். 110 மீட்டர்தான் கிடைக்கும் என்றால் வேகம் 50ஐத் தாண்டக்கூடாது. அதைப் பலகையில் எழுதி வைத்தால் போதாது, மேடை போன்ற வேகத்தடையாலோ ரவுண்டானாவாலோ சாலையின் அமைப்பிலேயே கொண்டுவர வேண்டும். பழைய ஊர்களில் பல தலைமுறைகளாக நிற்கும் வீட்டையும் கோயில் மதிலையும் இடிக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே வேகம்தான் இறங்கி வர வேண்டும். புதிதாக அகலப்படுத்தும் சாலைகளில் வேகத்தை மட்டும் கூட்டிவிட்டு மூலைகளை முன்பிருந்தபடியே விடுவதுதான் மிகப் பெரிய தவறு. தார் போட்ட அன்றே அந்தச் சந்திப்பின் முக்கோணம் பற்றாக்குறை ஆகிவிடுகிறது.

உங்கள் ஊர் முக்கு போதுமான அளவு திறந்திருக்கிறதா என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். சிறிய சாலையில் கார் நிற்கும் இடத்துக்கு நேராக, தார்ப் பரப்பை விட்டு ஓரமாக நின்று, கண் 1.2 மீட்டர் உயரத்துக்கு வருமாறு குனியுங்கள். பிரதான சாலையில் வரும் வண்டி முதன்முதலில் கண்ணில் படும் நொடியிலிருந்து உங்கள் முன்னால் கடக்கும் வரை கைபேசியில் நேரம் எடுங்கள். பல வண்டிகளுக்கு எடுங்கள், இரு பக்கமும் எடுங்கள். 8 விநாடிக்குக் குறைவாகவே இருந்தால் ஒன்று புதரோ பேனரோ நிறுத்திய வண்டியோ அகல வேண்டும், அல்லது அந்தச் சாலையின் வேகம் குறைய வேண்டும். அந்த எண்ணோடு கிராம சபைக்கோ நகராட்சிக்கோ எழுதும் மனு, பொதுவான புகாரைவிட வலுவானது. பள்ளத்தை நிரப்பக் கேட்கும் அதே உரிமையோடு மூலையைத் திறக்கவும் கேட்கலாம். ஏனென்றால் அந்த வெற்றிடமும் நம் வரிப்பணத்தில் போட்ட சாலையின் ஒரு பாகம்.